மலையேறும் கேரவனுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் நாமே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு கம்பத்தில். வண்டிக்குப் பாதி வாழ்க்கை கேரளப் பக்கம். லோயர்கேம்ப் தாண்டிக் குமுளி ஏறி வண்டிப்பெரியாறு, வாகமண் என்று மாதம் ஒரு தடவையாவது போய்விடுவோம். ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பிக்கப்பின் மேல் பெட்டி கட்டிய கேரவன் அது. படுக்கை, அடுப்பு, 90 லிட்டர் தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதன் முதுகில்தான். கேரள அரசு 2021இல் 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்த பிறகு இந்த மலைச்சாலையில் இப்படிப்பட்ட வண்டிகள் நிறையக் கண்ணில் படுகின்றன. நிறுத்துகிற இடத்தில் எல்லாம் பேச்சு கடைசியில் கியர்பாக்ஸில்தான் வந்து நிற்கும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

எங்கள் வண்டியில் கிளட்ச் பெடல் இல்லை. அப்படியானால் இது எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தும் என்று உடனே சொல்ல முடியாது. முதலில் இதைத்தான் உறுதி செய்ய வேண்டும். கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாம் ஒரே வகை கிடையாது. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். கிளட்சையும் கியரையும் நம் கால், கைக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவுதான். அதற்குள் இருப்பது மேனுவலுக்கு உரிய கியர் ஆயில், நான் இங்கே சொல்லும் ஃபில்டர் அதில் இல்லை. சிவிடி, இரட்டை கிளட்ச் வகைகளுக்கு ஆயிலே வேறு, முறையும் வேறு. இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியருக்குக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும். கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் சேஸிஸ் நம்பரைச் சொல்லி உதிரிபாகக் கடையில் கேளுங்கள்.

"லைஃப்டைம் ஆயில், அதைத் தொடவே வேண்டாம்" என்று சர்வீஸில் சொன்னார்களே?

எனக்கும் அதையேதான் சொன்னார்கள். நானும் நம்பினேன். ஆனால் யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பல கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்தில், ஆயில் மாற்றச் சொல்கிறது. செய்தவர்களே அப்படிச் சொல்லும்போது ஓட்டுகிற நாம் வேறு என்ன செய்ய? அதுவும் சாதாரணக் காருக்குச் சொன்ன கணக்கு. வீட்டையே தூக்கிக்கொண்டு மலையேறும் வண்டிக்கு அதைவிட முன்னாலேயே மாற்ற வேண்டும். நான் 50,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுகிறேன். உங்கள் கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று தனியாக ஒரு கட்டம் இருந்தால் அதுதான் உங்களுக்கான கட்டம்.

மலைச்சாலையில் இந்த ஆயில் ஏன் அவ்வளவு சீக்கிரம் கெடுகிறது?

சூடு. வேறு காரணம் தேட வேண்டாம்.

மத்தைப் போட்டு மோர் கடையும்போது பானையும் சேர்ந்து சுற்றப் பார்க்குமே, டார்க் கன்வெர்ட்டர் வேலை செய்வதும் அப்படித்தான். எஞ்சின் ஒரு பக்கம் ஆயிலைச் சுழற்றுகிறது. சுழலும் ஆயில் மறு பக்கத்தைத் தள்ளிக் கியரைச் சுற்றுகிறது. சமவெளியில் சீரான வேகத்தில் போகும்போது உள்ளே இருக்கும் லாக்கப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடும், வழுக்கல் இருக்காது. ஏற்றத்தில் பாரத்தோடு மெதுவாக ஊரும்போது அந்தப் பூட்டு விழாது. எஞ்சின் கடைகிற கடைசலில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் ஆயிலிலேயே சூடாகத் தங்கிவிடும்.

இதை நான் தெரிந்துகொண்டது கம்பம்மெட்டு மலையில். சபரிமலை சீசனில் ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாக மேலே விட்டு, குமுளி வழியாகக் கீழே இறக்குவார்கள். அந்த வரிசையில் மாட்டிக்கொண்டோம். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி பத்தடி. மூன்றாவது வளைவில் ஆயில் சூட்டு விளக்கு எரிந்தது, கூடவே கருகல் வாடை. பின்னால் வந்த ஜீப்பின் டிரைவர் இறங்கி வந்து, "அண்ணே, எஞ்சினை அமத்தாதீங்க, நியூட்ரல்ல போட்டு ஓட விடுங்க" என்றார். அவர் சொன்னது சரி. எஞ்சின் ஓடினால்தான் உள்ளே இருக்கும் பம்ப் ஓடும், அந்தப் பம்ப் ஓடினால்தான் ஆயில் கூலருக்குப் போய்வரும். கால் மணி நேரத்தில் விளக்கு அணைந்தது. வீடு திரும்பிய பிறகு முதல் வேலையாக ஆயிலை இறக்கிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்த கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருந்தது.

எந்த ஆயில் ஊற்றுவது? சிவப்பாக இருந்தால் போதுமா?

போதவே போதாது. எங்கள் பக்கம் அதிகம் நடக்கும் தவறு இதுதான். பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் இருக்கும். "இதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று ஊற்றிவிடுவார்கள். சிவப்பு என்பது கலந்த சாயம் மட்டுமே. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் எந்த அளவுக்கு வழுக்கி எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்பதை ஆயிலில் உள்ள மருந்துதான் தீர்மானிக்கிறது.

டொயோட்டாவின் புதிய கியர்பாக்ஸ்கள் பல டபிள்யூஎஸ் என்ற ஆயிலைக் கேட்கும். ஜெனரல் மோட்டார்ஸ் வகைக்கு டெக்ஸ்ரான் 6. பழைய டெக்ஸ்ரான் 3 கேட்கும் ஜெனரல் மோட்டார்ஸ் கியர்பாக்ஸில் 6 ஊற்றலாம், 6 கேட்கும் இடத்தில் 3 ஊற்றக் கூடாது. ஃபோர்டில் மெர்கான் 5, மெர்கான் எல்வி என்று இரண்டு உண்டு, ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல. பெரிய மோட்டார் ஹோம்களில் வரும் ஆலிசன் கியர்பாக்ஸுக்கு டிஇஎஸ் என்று தொடங்கும் தனி எண் வரிசையே இருக்கிறது. டப்பாவில் "எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று போட்டிருந்தால், அதன் பின்பக்கத்தில் உங்கள் கையேட்டில் உள்ள அதே பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எவ்வளவு வாங்க வேண்டும்?

கியர்பாக்ஸ் மொத்தமாக 9 லிட்டர் பிடிக்கும் என்றாலும், பேனை, அதாவது அடியில் இருக்கும் ஆயில் தட்டை, கழற்றும்போது இறங்குவது 3, 4 லிட்டர்தான். மீதி கன்வெர்ட்டரிலும் கூலர் குழாயிலும் தங்கிவிடும். அதனால் ஒரே மாற்றலில் எல்லாம் புதிதாகிவிடாது. நான் முதல் முறை ஃபில்டரோடு மாற்றுவேன். சில நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஆயிலை மட்டும் இறக்கி ஏற்றுவேன். அப்புறம் இன்னொரு முறை. மூன்று முறைக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். ஃபில்டர், பேன் பேக்கிங், வடிகால் போல்ட்டின் வாஷர், அளவுத் துளை (ஆயில் மட்டம் பார்க்கும் துளை) போல்ட்டின் வாஷர், எல்லாவற்றையும் சேஸிஸ் நம்பர் சொல்லி வாங்குங்கள். மதுரையில் இல்லையென்றால் கோட்டயம், எர்ணாகுளம் பக்கம் விசாரியுங்கள். பொருள் கைக்கு வந்து, ஃபில்டரின் வடிவத்தைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூட அசைக்காதீர்கள்.

கேரவனைத் தூக்குவது எப்படி? அடியில் படுக்கப் பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. பெட்டி கட்டிய வண்டிக்கு எடை மேலே இருப்பதால் சாய்வதும் சுலபம். தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். 90 லிட்டர் என்றால் 90 கிலோ. கேஸ் சிலிண்டரை மூடி வெளியே எடுத்து வையுங்கள். சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, வண்டியின் எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளில், நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். மட்டம் ஏன் முக்கியம் என்று பின்னால் வருகிறது.

இன்னொரு வழி, நான் இப்போது செய்வது: வாட்டர் சர்வீஸ் கடையில் கூட்டமில்லாத நாளில் லிஃப்டை இரண்டு மணி நேரம் வாடகைக்குக் கேட்பது. வண்டியின் எடையைச் சொல்லி, லிஃப்ட் தாங்குமா என்று கேட்டுவிட்டு ஏற்றுங்கள்.

முதலில் எந்த போல்ட்டைக் கழற்ற வேண்டும்?

ஊற்றும் துளையின் போல்ட்டை. ஆயிலை இறக்கிவிட்டு, பிறகு ஊற்றும் போல்ட் துருவேறி அசையாமல் போனால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். அது கழன்று வந்த பிறகே வடிகாலைத் தொடுங்கள்.

சில கியர்பாக்ஸ்களில் வடிகாலும் அளவுத் துளையும் ஒன்றே. போல்ட்டைக் கழற்றினால் கொஞ்சம்தான் வரும். உள்ளே நிற்கும் சிறு குழாயையும் கழற்றினால்தான் மீதி வரும். கொஞ்சம் வந்ததைப் பார்த்து "ஆயிலே இல்லை" என்று பதற வேண்டாம்.

ஆயில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கட்டும். ஓட்டி வந்த சூட்டோடு இறக்கினால் கை வெந்துவிடும்.

இறங்கிய ஆயிலை என்ன செய்ய?

அளக்க வேண்டும்! ஒரு சொட்டும் சிந்தாமல் பிடித்து, ஆறிய பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி எத்தனை லிட்டர் என்று எழுதி வையுங்கள். 3 லிட்டர் 400 மி.லி. இறங்கியிருந்தால் முதலில் திரும்பப் போவதும் அதே 3 லிட்டர் 400 மி.லி.

நிறத்தையும் வாடையையும் பாருங்கள். பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுப்பும் கருகலும் என்றால் கிளட்ச் தட்டுகள் தேய்ந்திருக்கின்றன. பால் கலந்த ரோஸ் மில்க் மாதிரி வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் விட்டுப்போய்த் தண்ணீர் கலந்திருக்கிறது, இல்லையென்றால் வெள்ளத்தில் இறங்கியபோது கியர்பாக்ஸின் மூச்சுக்குழல் (காற்று போய்வரும் சிறு குழாய்) வழியாக ஏறியிருக்கிறது. அதை ஆயில் மாற்றிச் சரிசெய்ய முடியாது.

பேனைக் கழற்றியதும் காந்தத்தில் ஏதோ ஒட்டியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

விரலால் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விபூதியை எண்ணெயில் குழைத்த மாதிரி சாம்பல் நிறத்தில், நறநறப்பு இல்லாமல் இருந்தால் சாதாரணத் தேய்மானம். எந்த ஆரோக்கியமான கியர்பாக்ஸிலும் அது இருக்கும். துடைத்துவிட்டுக் காந்தங்களை அதே இடத்தில் வையுங்கள். ஊசி போன்ற சில்லுகள், பித்தளை நிறத்தில் மினுக்கும் துகள்கள் இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. படம் எடுத்து, விஷயம் தெரிந்த ஆட்டோமேட்டிக் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

துடைக்க ஒர்க்‌ஷாப் வேஸ்ட் பஞ்சு வேண்டவே வேண்டாம். ஒரு நூல் உள்ளே போனாலும் வால்வில் போய்ச் சிக்கும். நான் பழைய நைலக்ஸ் சேலைத் துண்டுதான் வைத்திருக்கிறேன். அதில் நூல் உதிர்வதில்லை.

ஃபில்டரை மாற்றுவதில் கவனிக்க வேண்டியது?

பழைய ஃபில்டரின் ரப்பர் சீல். ஃபில்டரை இழுத்ததும் சீலும் கூடவே வந்துவிட்டதா என்று பாருங்கள். பல நேரம் அது மேலே துளைக்குள்ளேயே தங்கிவிடும். முதல் முறை எனக்கு அப்படித்தான் ஆனது. புதிய ஃபில்டர் உட்காரவே இல்லை. அழுத்திப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, துளையின் சுவரோடு சுவராக ஒரு கறுப்பு வளையம். துளையைக் கீறாமல் அதை நெம்பி எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. அதன் மேலேயே அழுத்தி உட்கார வைத்திருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சியிருக்கும். புதிய சீலுக்கு அதே புது ஆயிலைத் தடவி மாட்டுங்கள்.

ஜப்பான் வண்டிகள் சிலவற்றில் ஃபில்டர் என்பது உலோக வலை. கிடைக்காவிட்டால் அதைக் கழுவித் திரும்பப் போடலாம். கம்பளி மாதிரியான ஃபில்டரைக் கழுவக் கூடாது. இசட்எஃப் வகை பலவற்றில் பேனே பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு சேர்ந்தது. முழுதாகவே மாற்ற வேண்டும்.

பேனைத் திரும்ப மாட்டும்போது சிலிக்கான் பேஸ்ட் தடவலாமா?

பேக்கிங் இருக்கும் இடத்தில் தேவையில்லை. பிதுங்கி உள்ளே விழும் பேஸ்ட் துண்டு நேராகப் புது ஃபில்டருக்குத்தான் போகும். எல்லா போல்ட்டையும் கையால் ஏற்றி, பிறகு குறுக்கு நெடுக்காக, கையேடு சொல்லும் டார்க்குக்கு (முறுக்கும் விசையின் அளவு) முறுக்குங்கள். அது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவாக இருக்கும். கியர்பாக்ஸ் உடல் அலுமினியம். ஜீப் மெக்கானிக் கைக்குப் பழகிய முறுக்கலைக் கொடுத்தால் மரை போய்விடும்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கே இல்லை. அளவு சரி என்று எப்படித் தெரியும்?

இந்த வேலையின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆயில் சூடானால் விரியும். அதனால் அளவு என்பது ஒரு குறிப்பிட்ட சூட்டில் பார்த்தால்தான் அளவு. கையேட்டில் அந்தச் சூடு இருக்கும். பல வண்டிகளில் 35 முதல் 55 டிகிரிக்குள் ஒரு சிறிய இடைவெளி. ஆயில் சூட்டைக் காட்டும் ஸ்கேனரை டேஷ்போர்டுக்குக் கீழே செருகிக்கொள்வது நல்லது.

இறங்கிய அளவை ஊற்றிவிட்டு, ஒருவர் பிரேக்கில் காலை வைத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யட்டும். லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில வினாடி நிறுத்தி, திரும்பவும் 'பி'க்கு (பார்க்கிங் நிலை) கொண்டுவரட்டும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், வண்டி மட்டமாக இருக்க வேண்டும். சொன்ன சூடு வந்ததும் அளவுத் துளையைத் திறங்கள். பம்பரக் கயிறு தடிமனில் ஆயில் விழும், அப்புறம் நூலாகும், அப்புறம் விட்டு விட்டுச் சொட்டும். நூல் அறுந்து சொட்டாகும் அந்த நேரத்தில் போல்ட்டை மூடிவிடுங்கள். திறந்ததும் ஒன்றுமே வரவில்லையென்றால் குறைவாக இருக்கிறது, வழியும்வரை ஊற்றுங்கள்.

குளிர்ச்சியாக இருக்கும்போது மூடினால் ஆயில் கூடிவிடும், ஓடும்போது நுரைக்கும். சூடு தாண்டிய பிறகு மூடினால் குறைந்துவிடும், பம்ப் காற்றை இழுக்கும், கியர் வழுக்கும். சித்திரை மாதத்தில் கம்பத்தில் பகல் வெயில் 37, 38 டிகிரிக்குப் போய்விடும். மத்தியானம் தொடங்கினால் ஊற்றி முடிப்பதற்குள் சூடு எல்லையைத் தாண்டிவிடும். அதனால் நான் ராத்திரியே வண்டியை ஏற்றி நிறுத்திவிட்டு, விடியற்காலையில் அளவு பார்ப்பேன். குமுளியில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

எங்களிடம் இருப்பது இறக்குமதியான பெரிய அமெரிக்க மோட்டார் ஹோம். டிப்ஸ்டிக் இருக்கிறது.

உங்களுக்கு வேலை எளிது. ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் வகைகளில் ஆயில் நன்றாகச் சூடேறி, எஞ்சின் ஐடிலில், 'பி'யில் இருக்கும்போது பார்க்க வேண்டும். கிரைஸ்லரின் பழைய கியர்பாக்ஸ்களில் நியூட்ரலில். கஷ்டம் வேறு இடத்தில்: இந்தப் பழைய வண்டிகள் பலவற்றில் பேனுக்கு வடிகால் போல்ட்டே கிடையாது. ஒரு பக்க போல்ட்டுகளைத் தளர்த்தி, மறு பக்கத்தைக் கழற்றி, பேனைச் சாய்த்துத்தான் இறக்க வேண்டும். அண்டா மாதிரி அகலமான பாத்திரம் வையுங்கள். ஆலிசன் 1000 வகையில் வெளியிலேயே எஞ்சின் ஆயில் ஃபில்டர் போலத் திருகும் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. பழையதன் உள்ளே இருக்கும் வளையக் காந்தத்தை எடுத்துத் துடைத்துப் புதியதில் போட மறக்காதீர்கள்.

ரொம்ப நாள் மாற்றாத ஆயிலை மாற்றினால் கியர்பாக்ஸே போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கும் கியர்பாக்ஸில்தான் பெரும்பாலும் ஆயிலை மாற்றுகிறார்கள். அது சில நாளில் நின்றுவிடும், பழி ஆயில் மேல் விழும். கியர் வழுக்குகிறது, ஆயில் கறுத்துக் கருகல் வாடை அடிக்கிறது என்றால் ஆயில் மாற்றல் மருந்தாகாது. பிரித்துத்தான் பார்க்க வேண்டும். கியர் ஒழுங்காக விழுகிறது, ஆயில் பழுப்பாக மட்டும் இருக்கிறது என்றால் தாராளமாக மாற்றுங்கள். மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுவதை மட்டும் பழைய கியர்பாக்ஸுக்கு நான் செய்ய மாட்டேன். மூன்று முறை இறக்கி ஏற்றுவது மெதுவான வழி, ஆனால் பத்திரமான வழி.

மாற்றிய பிறகு மலையில் ஓட்டும்போது என்ன செய்ய வேண்டும்?

லோயர்கேம்ப் தாண்டியதும் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி இரண்டிலோ மூன்றிலோ வைத்துக்கொள்ளுங்கள். கியர் மேலும் கீழும் தேடிக்கொண்டே இருப்பது ஆயிலைச் சுட வைக்கும். இரைச்சல் பாலம், மாதா கோயில் வளைவு என்று இறங்கி வரும்போதும் அதே கியர்தான். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் பிழைக்கும். வரிசையில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியை ஏற்றத்தில் தாங்கிப் பிடிக்காதீர்கள். பிரேக்கைப் பிடியுங்கள். முன்னால் இருபது அடி இடம் கிடைத்த பிறகு ஒரே மூச்சில் நகருங்கள்.

பழைய ஆயிலை எங்கே கொட்டுவது?

எங்கேயும் கொட்டக் கூடாது. சட்டப்படியே அது அபாயக் கழிவு. 2016ஆம் ஆண்டு விதிகளில் பயன்படுத்திய ஆயில் சேர்க்கப்பட்டிருக்கிறது. சட்டத்தை விடுங்கள். எங்கள் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைவது 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரில். லோயர்கேம்ப் பக்கம் சாலையோரத்தில் ஊற்றினால் அடுத்த மழையில் அது வாய்க்காலுக்குத்தான் போகும். வேலி மரத்துக்குப் பூசுகிறேன், சென்ட்ரிங் பலகைக்குத் தடவுகிறேன் என்று கேட்பவர்களுக்கும் நான் கொடுப்பதில்லை. அளந்த அதே பாட்டில்களில் மூடி வைத்து, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுகிறேன். பழைய ஃபில்டரை ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வடித்த பிறகு அதையும் அங்கேயே.